காற்றுப் பக்கத்து அக்கா

யாரோடு கதைப்பதென்றாலும், காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்று ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் அவர் தான் நிற்கும் இடத்தைத் தீர்மானிப்பார். வெயிலைக் கண்டால் நாங்கள் கண்ணைச் சுருக்குவதுபோல அவருக்கு அது தானாக வரும். பஸ் தரிப்பிடத்தில் நின்றாலும், செத்தவீட்டுப் பந்தலில் இருந்தாலும், கடலில் காலை நனைத்துக்கொண்டு நின்றாலும் காற்று வருகிற பக்கத்தில் அவர் இருப்பார். மற்ற ஆள் அவருடைய மறைவில் இருப்பார். அந்த மற்ற ஆளுக்குப் பெரும்பாலும் அது தெரியவே தெரியாது.

ஆறு வருஷம் நான் அவரோடு சைக்கிள் ஓடினேன். காலையில் தீவிலுள்ள மண்கும்பானிலிருந்து பட்டணத்துக்கும், பின்னேரம் பட்டணத்திலிருந்து மண்கும்பானுக்கும். அந்த ஆறு வருஷத்தில் ஒரே ஒரு நாள், அதுவும் பத்து எண்ணி முடிக்கிற நேரம்கூட இல்லை, அவரை நான் என் மறைவில் வைத்திருந்தேன். அந்த நாளில் நடந்ததைப் பற்றி இதுவரை யாருக்கும் நான் உண்மை சொன்னதில்லை. இப்போது சொல்லப்போகிறேன். ஆனால் ஆளைச் சொல்லாமல் அந்த நாளை மட்டும் சொன்னால் விளங்காது.

நான் கொக்குவிலில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் பக்கத்தில் காற்று என்றால் மாவிலை அசையும், கொடியில் போட்ட உடுப்புக் காயும், அவ்வளவுதான். கலியாணம் கட்டி மண்கும்பானுக்கு வந்த முதல் கிழமையிலேயே காற்று என்றால் என்னவென்று தெரிந்துவிட்டது. பட்டணத்தில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் எனக்குத் தட்டச்சு வேலை. பஸ்ஸில் போய் வரலாம்தான். ஆனால் அந்த நாட்களில் பஸ் எத்தனை மணிக்கு வரும் என்பது பஸ்ஸுக்கே தெரியாது. ஆகவே சைக்கிள். அது ஆனி மாதம். தெற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பி அடிக்கிற காலம்.

பின்னேரம் வேலை முடிந்து பண்ணைத் தாம்போதியில் ஏறினேன். இரண்டு பக்கமும் கடல், நடுவில் றோட்டு. இடப்பக்கத்தால் வந்த காற்று என்னையும் சைக்கிளையும் சேர்த்து றோட்டின் நடுவுக்குத் தள்ளியது. நான் திரும்ப ஓரத்துக்கு வருவேன், அது திரும்பவும் தள்ளும். பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்து அடித்துக் களைத்துப்போய், என்னைத் தாண்டும்போது கொண்டக்டர் தலையை வெளியே நீட்டினார்.

"என்ன அக்கா, றோட்டை எழுதி வாங்கிப்போட்டீங்களோ?"

அழுகை வந்தது. அழுதால் மூக்குக்கண்ணாடி நனைந்து றோட்டும் தெரியாது என்பதால் அழவில்லை. அப்போதுதான் என் இடப்பக்கத்தில், கடலுக்கும் எனக்கும் நடுவில், ஒரு சைக்கிள் வந்து சேர்ந்தது. உயரமான, நல்ல அகலத் தோள் உள்ள ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். முன் கூடைக்குள் சோற்றுப் பெட்டி கிடந்து ஆடியது.

"காத்துக்குப் புதுசு போல?" என்றார்.

"கலியாணம் கட்டி இஞ்ச வந்து ஒரு கிழமைதான்."

"அப்ப என்ர வலக்கைப் பக்கம் வாரும். கொஞ்சம் பின்னுக்கு. இன்னும் கொஞ்சம். ஆ, உதிலயே நில்லும். இனி நேரை பாத்து உழக்கும். காத்தை நான் பாக்கிறன்."

காதுக்குள் இரைந்துகொண்டிருந்தது நின்றது. முகத்தில் அடித்துக்கொண்டிருந்த என் கழுத்துச் சால் தோளில் வந்து படுத்தது. என் சைக்கிள் கொக்குவில் சைக்கிளாக மாறிவிட்டது. மண்கும்பான் சந்தி வரும் வரைக்கும் அவர் வேறொன்றும் கதைக்கவில்லை. அங்கே வந்ததும், "நாளைக்குக் காலமை ஏழு மணிக்கு இந்தச் சந்தியால போவன். காலமைக் காத்து மற்றப் பக்கம்" என்றார். பெயர் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. காற்று மற்றப் பக்கம் என்றால் தானும் மற்றப் பக்கம் வருவேன் என்று சொல்கிறார் என்பது அடுத்த நாள்தான் எனக்கு விளங்கியது.

பட்டணத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அவர் வேலை. வந்தவர்களின் மூக்குக்கும் காதுக்கும் அளவாகச் சட்டத்தை வளைத்துக் கொடுப்பது, கழன்ற ஆணியை முறுக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. சோற்றுப் பெட்டியோடு சேர்த்து, ஆணி முறுக்க நெருப்புக்குச்சி அளவில் ஒரு திருப்புளி எப்போதும் கூடைக்குள் கிடக்கும். பஸ்ஸில் முன்பின் தெரியாத மனிதரின் கண்ணாடி கோணலாக இருந்தாலும் பொறுக்கமாட்டார். "ஐயா, ஒருக்காக் கழட்டித் தாங்கோ" என்று வாங்கி, இரண்டு விரலால் ஒரு நெளி நெளித்துத் திருப்பிக் கொடுப்பார். அந்த மனிதர் நன்றி சொல்வதா, ஏசுவதா என்று தெரியாமல் மாட்டிப் பார்ப்பார். மாட்டியதும் ஏச்சு வராது.

கடை தெருவோரத்தில் இருந்தது. தூசி நேராக உள்ளே வரும். வாசலுக்கும் கண் சோதிக்க வந்து இருப்பவர்களுக்கும் நடுவில்தான் அவருடைய மேசை. அவர் கேட்டு வாங்கின இடம் அது என்று பின்னால் அறிந்தேன்.

ஒருநாள் என் கண்ணாடி ஆணியை முறுக்குவதற்காக அங்கே போயிருந்தேன். அவரோடு புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஒருத்தி, அவளுக்கும் என் வயதுதான் இருக்கும், யாரோ ஒரு அதிபருக்குச் செய்து வைத்த கண்ணாடியைக் கைதவறி விழுத்திவிட்டாள். முதலாளி உள்ளேயிருந்து வந்து, "ஆர் போட்டது?" என்றார். "நான்தான். கை வழுக்கிப்போச்சு" என்று இவர் சொல்லி முடித்துவிட்டார். முதலாளிக்கு வாய் மிக நீளம். அது ஓய்கிற வரைக்கும் அக்கா தலையை ஆட்டிக்கொண்டு நின்றார், மழை விடட்டும் என்று கடைவாசலில் நிற்பவரைப் போல.

பின்னேரம் தாம்போதியில் கேட்டேன்.

"ஏன் அக்கா பொய் சொன்னனீங்கள்?"

"அந்தப் பிள்ளை வந்து மூண்டு நாள். உந்த ஏச்சை வாங்கியிருந்தா நாளைக்கு வராது."

"அதுக்கு நீங்கள் ஏன் வாங்கோணும்?"

"எனக்குத் தோள் அகலம்தானே" என்று சிரித்தார்.

எதைக் கேட்டாலும் கடைசியில் அந்தப் பதில்தான் வரும். தோள் அகலம். யுத்தத்தில் இடம்பெயர்ந்து போன காலத்தில் ஏதும் நடந்து, அதனால் இந்தப் பழக்கம் வந்ததோ என்று ஒரு முறை சுற்றிவளைத்துக் கேட்டுப் பார்த்தேன். "எல்லாத்துக்கும் ஒரு கதை வேணுமோ உமக்கு? வக்கீலிட்ட வேலை செய்து பழுதாப்போனீர்" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

எல்லாம் இனிமையாக இருந்தது என்று எழுதினால் அது பொய். எனக்கு அவர்மேல் கோபமும் வந்திருக்கிறது. மண்கும்பான் கடற்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து கூழ் காய்ச்சினோம். காற்று மணலை வாரி இறைத்தது. அவர் பானைக்குத் தெற்குப் பக்கத்தில் சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லோரும் பனையோலைப் பிளாவில் கூழ் குடித்து, நண்டுக்காலைச் சூப்பி, பகிடி விட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில்தான் கண்டேன், அவர் இன்னமும் அந்தப் பக்கத்திலேயே நிற்கிறார், தலைமயிர் முழுக்க மணல். "வந்து இருங்கோவன் அக்கா!" என்று கத்தினேன். "குடியும் குடியும், நான் ஆறுதலாக் குடிப்பன்" என்றார். எனக்குக் கூழ் இறங்கவில்லை. வாங்கி வாங்கியே இருக்கிற மனிதருக்கு ஒரு கட்டத்தில் எரிச்சல் வரும். அதை யாரும் வெளியே சொல்வதில்லை.

நாலாம் வருஷம் ஒருநாள் துணிந்து சொன்னேன். "அக்கா, இண்டைக்கு நான் காத்துப் பக்கம் வாறன்."

"வாருமன்" என்றார் மிக நல்லவராக. நான் அந்தப் பக்கம் போவதற்குள் ஒரு உழக்கு உழக்கி முன்னால் போய், ஒரு வளைவு வளைந்து, திரும்பவும் தானே அந்தப் பக்கம் வந்துவிட்டார். மூன்று தரம் முயன்றேன். மூன்று தரமும் அப்படித்தான். கோபத்தில் இரண்டு நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. அந்த இரண்டு நாளும் அவர் வாயே திறக்காமல் காற்றுப் பக்கம் ஓடினார்.

இனி ஓட்டப்போட்டிக்கு வருகிறேன்.

புங்குடுதீவின் நுனியில் குறிகட்டுவான் இறங்குதுறை இருக்கிறது. றோட்டு அங்கே முடிந்துவிடும். அதற்கப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுதான். துறைக்குக் கிட்ட உள்ள ஒரு சனசமூக நிலையம், நயினாதீவுத் திருவிழா முடிந்து வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்கள் ஊரில் வந்து நிற்கிற நாட்களாகப் பார்த்து, வருஷா வருஷம் சைக்கிள் ஓட்டம் வைக்கும். பெண்களுக்கு மண்கும்பானில் தொடக்கம், துறையடியில் முடிவு. இருபது கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். கியர் சைக்கிள் கூடாது, கரியர் கழட்டக் கூடாது, அவரவர் அன்றாடம் ஓடுகிற சைக்கிள்தான். முதலாவதாக வருகிறவரின் பெயரை, வருஷத்தோடு சேர்த்து, நிலையத்தின் வாசிகசாலைச் சுவரில் உள்ள பலகையில் வெள்ளைப் பெயின்றால் எழுதுவார்கள். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் சாமான் கிடைக்கும், பெயர் இல்லை.

அக்கா தொடர்ந்து ஓடினவர். தொடர்ந்து இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வந்தவர். அவருடைய வீட்டு அலுமாரிக்கு மேலே பரிசாகக் கிடைத்த சுடுதண்ணிப் போத்தல்கள் வரிசையாக இருந்தன. அவ்வளவு கால்பலம் உள்ள ஆள் ஏன் ஒரு முறையும் வெல்லவில்லை என்று எனக்குத் தொடக்கத்தில் விளங்கவில்லை.

நான் முதன்முதலாக ஓடின வருஷம், "வாரும், ரெண்டு பேருமா ஓடுவம்" என்று அவர்தான் கூட்டிப்போனார். வேலணையால் திரும்பி, புங்குடுதீவுக்குப் போகிற நீளத் தாம்போதியில் ஏறியதும் வழக்கம்போல என் இடக்கைப் பக்கம் வந்தார். வழக்கம்போல நான் அவருடைய தோளுக்குப் பின்னால் ஓடினேன். துறை கண்ணுக்குத் தெரிந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. எனக்குக் காலில் இன்னும் பலம் இருந்தது. எழும்பி நின்று உழக்கி அவரைத் தாண்டிப்போய் நாடாவை அறுத்தேன். ஒலிபெருக்கியில் என் பெயர் கேட்டது. வெற்றி வெற்றி என்று நான் துள்ளினேன். பின்னால் வந்த அவர் என்னைவிடக் கூடத் துள்ளினார்.

அந்தச் சந்தோஷம் ஒரு கிழமை நின்றது. எங்களோடு ஓடி மூன்றாவதாக வந்தவர் ஒரு பி.ரி. ரீச்சர், பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி படிப்பிக்கிறவர். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லுவார். சந்தையில் என்னைக் கண்டு, "நீர் வடிவாத்தான் ஓடினீர். ஆனா உமக்கு மட்டும் அண்டைக்குக் காத்து இல்லை, கண்டீரோ?" என்றார்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அந்தப் பலகையில் இருக்கவேண்டியது என் பெயர் இல்லை என்று அன்றைக்கு விளங்கியது. அக்காவிடம் போய்ச் சொன்னேன். "விசர்க் கதை கதையாதேயும், உம்மட கால்தானே உழக்கினது" என்றார்.

அதற்குப் பிறகும் அவர் மாறவில்லை. ஒரு வருஷம் முழங்கால் நோவோடு ஓடின ஒரு தாதிக்கு மறைப்பு. இன்னொரு வருஷம் பாதி வழியில் தலைசுற்றின யாரோ ஒருத்திக்கு. பக்கத்தில் ஒரு ஆள் ஓடினால் அவரால் சும்மா ஓட ஏலாது.

ஆறாம் வருஷம் அவருக்குக் கனடா விசா குத்தி வந்தது. புருஷன் முன்னமே அங்கே போய், ஒன்பது வருஷம் கடதாசிகளோடு மல்லுக்கட்டியிருந்தார். ஓட்டம் முடிந்து இரண்டு கிழமையில் பயணம். தாம்போதியில் ஒரு பின்னேரம் அவராகவே சொன்னார்.

"இந்த முறை எனக்கு முதலாமிடம் வேணும்."

நான் திரும்பிப் பார்த்தேன். எனக்கு இது வேணும் என்று அவர் வாயால் ஒன்றைக் கேட்டது அதுவரை நான் அறியாதது.

"பலகையில பேர் கிடக்கோணும். நான் போனாப் பிறகும் அதில கிடக்கும்தானே. இஞ்ச இப்பிடி ஒருத்தி இருந்தவள் எண்டு ஆரும் பாப்பினம்."

"வெல்லுவீங்கள் அக்கா. ஆருக்கும் மறைக்காமல் ஓடினாச் சரி."

"ஓம். ஆரையும் திரும்பிப் பாக்கமாட்டன்" என்றார். அதைச் சொல்லும்போதும் காற்றுப் பக்கத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தார்.

அவரால் அது ஏலாது என்று எனக்குத் தெரியும். ஆகவே நான் ஒரு திட்டம் போட்டேன். நீளத் தாம்போதியில் அவருக்கு நான் மறைப்பேன். அவர் காலைச் சேமித்து வைத்திருந்து, புங்குடுதீவுக் கரை ஏறியதும் பாய்ந்து போகட்டும். முன்கூட்டிச் சொன்னால் விடமாட்டார். ஆகவே சொல்லவில்லை. நான் செய்த பிழை அங்கேதான் இருக்கிறது.

அன்றைக்குச் சோளகம் நல்ல மூர்க்கம். ஒன்பது பேர் தொடங்கினோம். ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஒருவர் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். காற்றில் அவர் சொன்னது ஒன்றும் கேட்கவில்லை. தாம்போதியில் ஏறும்போது அக்காவும் நானும் முன்னுக்கு. பி.ரி. ரீச்சர் நாலைந்து சைக்கிள் தூரம் பின்னால். மற்றவர்கள் எங்கோ. அக்கா சொன்ன சொல்லை மறந்து என் இடக்கைப் பக்கம் வந்து சேர்ந்துவிட்டார். எதிர்பார்த்ததுதான்.

பாதித் தாம்போதியில் நான் வேகத்தைக் கொஞ்சம் விட்டு, அவருடைய பின் சில்லுக்குப் பின்னால் சுற்றி, கடல் பக்கமாக ஏறினேன். பல்லைக் கடித்து உழக்கி அவருக்குச் சரிபக்கத்தில் வந்தேன். காற்று முழுக்க என்மேல் விழுந்தது. இந்தக் காற்றையா இந்த மனுஷி இத்தனை வருஷம் கதைத்துக் கதைத்து வாங்கிக்கொண்டு ஓடினார் என்று ஒரு நினைப்பு ஓடியது. அது ஓடி முடியவில்லை, அவருடைய ஹாண்டில் என் ஹாண்டிலுக்குள் வந்து கொழுவிக்கொண்டது.

எப்படி நடந்தது என்று அப்போது விளங்கவில்லை, பின்னால்தான் விளங்கியது. காற்றோடு முண்டி முண்டி ஓடின உடம்பு அது. காற்று வருகிற பக்கம் தோளைச் சாய்த்துத்தான் அதற்கு ஓடத் தெரியும். நான் மறைத்ததும் முண்டுவதற்குக் காற்று இல்லை. பூட்டியிருக்கிறது என்று நினைத்து முழுப் பலத்தோடு தள்ளுகிற கதவு சும்மா திறந்துகொண்டால் எப்படி விழுவோம், அப்படி என் பக்கமாக விழுந்தார். இரண்டு பேரும் இரண்டு சைக்கிளும் தாம்போதிக் கல்லில் கிடந்தோம்.

பி.ரி. ரீச்சர் வந்து பிரேக் பிடித்தார். அவரை நான் இன்றும் மதிக்கிறேன். இறங்குவதற்குக் காலை ஊன்றிவிட்டார். "என்ன நடந்தது? காயமோ?"

"ஒண்டுமில்லை ரீச்சர். நிக்காதேங்கோ, போங்கோ போங்கோ!" என்று அக்கா கிடந்தபடியே கையை வீசினார். ரீச்சர் தயங்கித் தயங்கிப் போனார்.

அக்காவின் முழங்காலிலும் உள்ளங்கையிலும் தோல் போய் இரத்தம். சைக்கிள் செயின் கழன்றிருந்தது. "அக்கா, என்ர சைக்கிளை எடுத்துக்கொண்டு போங்கோ. ரீச்சரைப் பிடிக்கலாம். கெதியாப் போங்கோ!" என்று நான் கத்தினேன். உண்மையிலேயே பிடித்திருக்கலாம். ரீச்சர் எட்டாத தூரத்துக்குப் போயிருக்கவில்லை, கண்ணுக்குத் தெரிந்தார். இல்லை, அக்காவுக்குத் தெரிந்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் கண்ணாடி எங்கேயோ பறந்திருந்தது.

அவர் கல்லுக்குள் தடவிக் கண்ணாடியை எடுத்தார். அதன் ஒரு காதுக்கம்பி முழுக்க மடங்கியிருந்தது. அந்த இடத்திலேயே சம்மணம் போட்டு இருந்துகொண்டு, கூடைக்குள்ளிருந்து அந்தக் குட்டித் திருப்புளியை எடுத்தார்.

"அக்கா! பேர்! பலகை!" என்றேன்.

"கொஞ்சம் பேசாமல் இரும். உது இல்லாமல் நீர் நேரை கடலுக்குள்ள போவீர்."

ஆணியைக் கழட்டி, நெளிவை எடுத்து, திரும்ப முறுக்கி, தன் சட்டைத் துணியால் உப்பைத் துடைத்து என் முகத்தில் மாட்டினார். ஒரு அடி தள்ளி நின்று, நேராக இருக்கிறதா என்று தலையைச் சரித்துப் பார்த்தார். வலப்பக்கம் கொஞ்சம் உயரம் என்று திரும்பவும் கழட்டினார்! அதற்குள் மூன்று பேர் எங்களைத் தாண்டிவிட்டார்கள். பிறகு செயினைப் போட்டு, என் சைக்கிளின் முன் சில்லைத் தன் காலுக்கிடையில் இறுக்கி ஹாண்டிலை நேராக்கி, ஏறி, என் இடக்கைப் பக்கம் வந்தார். நான் அழுதுகொண்டே உழக்கினேன். இந்த முறை கண்ணாடி நனைவதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

துறையடியில் நெடுந்தீவுப் படகுக்கு நின்ற சனம் எல்லாம் எங்கள் கோலத்தைப் பார்த்து வாயைப் பிளந்தது. ஐந்தாவதும் ஆறாவதும். ஒலிபெருக்கிக்காரர் ஓடிவந்து, "முன்னுக்கு வந்துகொண்டிருந்தனீங்கள், என்னக்கா நடந்தது?" என்று ஒலிவாங்கியை நீட்டினார். நான் வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டார்.

"காத்து நிண்டிட்டுது."

"என்ன?"

"காத்து சடாரெண்டு நிண்டுபோச்சு. நான் சாஞ்சு விழுந்திட்டன். இந்தப் பிள்ளையையும் விழுத்திப்போட்டன்."

சனம் சிரித்தது. படகுக்காரர் ஒருவர், "இந்த மாசத்தில சோளகம் நிக்கிறதோ? தங்கச்சி, நான் நாப்பது வருஷமாக் கடல்ல நிக்கிறன்" என்றார்.

"இண்டைக்கு நிண்டது அண்ணை" என்றார் அக்கா, சத்தியம் பண்ணுகிற முகத்தோடு.

நான்தான் விழுத்தினேன் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கவேண்டும். அவருடைய ஒரே ஆசையைக் கெடுத்தவள் என்று ஊர் என்னைச் சொல்லுமே என்ற பயம். பலகையில் ஏற்கெனவே பெயர் உள்ளவள் வேறு. ரீச்சருக்குக் கைதட்டினார்கள். அக்காவும் தட்டினார், இரத்தம் காய்ந்த கையால்.

திரும்பி வரும்போது எல்லோருடைய சைக்கிள்களையும் ஏற்றின சின்ன லொறியின் பின்னுக்கு நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம். தாம்போதி வந்தது. நாங்கள் விழுந்த இடத்தை இரண்டு பேரும் பார்த்தோம்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்றேன். "உங்கட பேர் ஏறட்டும் எண்டுதான் அந்தப் பக்கம் வந்தனான்."

"அது எனக்குத் தெரியாதோ?" என்றார். பிறகு, "விழ முதல் ஒரு சொட்டு நேரம் காதுக்குள்ள சத்தமில்லாமல் இருந்தது. மறைவு எண்டால் உப்பிடித்தானோ இருக்கும்? நல்லாத்தான் இருந்தது. பழக்கமில்லை, அதுதான் விழுந்தனான்" என்றார்.

இரண்டு கிழமையில் பயணமானார். போகிற நாள் காலை அந்தக் குட்டித் திருப்புளியை என் கையில் வைத்தார். கண்ணாடி ஆணி இளகும்போதெல்லாம் இன்றும் அதால்தான் முறுக்குகிறேன்.

இப்போது வாசிகசாலைக்காரர் ஆண்டுமலர் போடுகிறார்கள். பலகையில் பெயர் உள்ளவர்கள் ஓட்ட அனுபவத்தை எழுதித் தரவேண்டும் என்று என்னையும் கேட்டார்கள். என் அனுபவம் முழுக்க இன்னொருவருடைய தோள். அதை எழுத அவரைக் கேட்கவேண்டும். கனடாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே பஸ் தரிப்பிடத்தில் நின்றார். யாரோ ஒரு சீனத்து வயோதிப மாதுவோடு நிற்பதாகவும், மொழி தெரியாவிட்டாலும் தினமும் சேர்ந்துதான் நிற்பதாகவும் சொன்னார்.

"காத்து எந்தப் பக்கம் அக்கா?" என்று கேட்டேன்.

"வடக்கால. சரியான குளிர்" என்றார். அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று நான் கேட்கவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். "எழுதும் எழுதும். பேரைப் போடாதேயும்" என்றார்.

"அண்டைக்குப் பலகையில பேர் வேணும் எண்டு நிண்டனீங்களே?"

"அது போகப்போறன் எண்ட பயம். இப்ப போயிட்டன்தானே." பஸ் வருகிற சத்தம் கேட்டது. "இஞ்சேரும், விழுந்த கதையை எழுதினால் கவனமா எழுதும். காத்து நிண்டது எண்டே எழுதும். உம்மட பேர் அந்தப் பலகையில கிடக்கு. சனம் வீணா ஏதும் சொல்லும்."

இத்தனை வருஷமாக அவருக்கு நான் நன்றி சொன்னதில்லை. எங்கள் ஆட்கள் கிட்டடியில் உள்ளவர்களுக்கு அதைச் சொல்வதில்லை. சொன்னால் ஆளைத் தள்ளி வைத்த மாதிரி. இப்போது அவர் உண்மையிலேயே தூரத்தில் இருக்கிறார், சொல்லலாம். நன்றி அக்கா. உங்கள் சொல்லைக் கேட்டுப் பெயரைப் போடவில்லை. மற்றதை மட்டும் என்னால் கேட்க ஏலாது. அன்றைக்குக் காற்று நிற்கவில்லை. உங்களுக்கும் அதற்கும் நடுவில் நான் வந்தேன்.